விரல் வைத்துப் பார்த்தவர்

அந்த மனிதர்மேல் எனக்கிருந்த எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். மவுத்தானவர்களைப் பற்றி நல்லதாகக் கதைக்க வேண்டும் என்பது தெரியும். நல்லதும் சொல்வேன். ஆனால் எரிச்சலை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை எங்களுடையது. அந்த ஒழுங்கையில் யார் வீட்டுக்குப் பிள்ளைகளுக்கென்று என்ன புதுச் சாமான் வந்தாலும், அது பிள்ளையின் கைக்குப் போகுமுன் பாஸின் கைக்குப் போகும். கைவேலை தெரிந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கத்தில் பாஸ்தான். இவர் தோணி இஞ்சின் திருத்துகிறவர். கடற்கரையில் தகரம் போட்ட ஒரு வாடி வைத்திருந்தார். தள்ளுவண்டி, மூன்று சில்லுச் சைக்கிள், சாவி கொடுத்தால் குரைக்கும் நாய், எதுவானாலும் "பாஸிட்டக் காட்டினயா?" என்று கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில் சலாத்துக்கு அடுத்த வார்த்தை அதுதான்.

சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிற ஆள் அல்ல அவர். அந்தச் சாமானால் தன்னைக் காயப்படுத்த முடியுமா என்று முயன்று பார்ப்பார். மடக்குக் கதிரை என்றால் மடங்குகிற இடத்தில் விரலை விடுவார். விளையாட்டுக் கார் என்றால் சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் விரலை விடுவார். நுளம்பு அடிக்கும் கரண்ட் மட்டையையும் விடவில்லை. அதைத் தொட்டு அவர் துள்ளிய துள்ளலை வாடியில் இருந்தவர்கள் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார்கள். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வார். ஏன் என்று கேட்டால், கண் பார்த்தால் கை பயந்துவிடும், பிள்ளைக்குப் பயம் தெரியுமா என்பார். நொந்தால் சாமான் கூடாது, நோகாவிட்டால் கூடும், பிள்ளைக்குக் கொடுக்கலாம். அவருடைய சட்டம் அவ்வளவுதான். காலையில் அவர் கையில் புதிதாக ஒரு பிளாஸ்டரைக் கண்டால், நேற்று யாருடைய சாமானோ தவறிவிட்டது என்று ஒழுங்கையே விளங்கிக்கொள்ளும்.

ஒரு நோன்புப் பெருநாளைக்குக் கடற்கரையில் சுற்றுகிற இராட்டினம் போட்டிருந்தார்கள். குருவி அளவுப் பிள்ளைகள் இருக்கிற ஆசனம் அது. ஐம்பது கடந்த மனிதர், புதுச் சாரமும் தொப்பியுமாக, முழங்கால் இரண்டும் காதைத் தொட அதில் ஏறிக் குந்திவிட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்று கத்துகிறார்கள். இராட்டினக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆறு சுற்றுச் சுற்றி இறங்கி, மணலில் வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, ஓடலாம், ஆனால் கெதியைக் குறைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பெருநாள் பலகாரம் அவ்வளவும் மணலில் கிடந்தது. அவரை அண்ணன் முறையில் காக்கா என்றும், அவருடைய மனைவியை அக்கா முறையில் ராத்தா என்றும்தான் நான் கூப்பிடுவேன். அவ எனக்குப் பக்கத்தில் நின்று, "என்னக் கலியாணம் முடிச்ச நேரம் மட்டுந்தான் இந்த மனிசன் ஒண்டையும் சோதிச்சுப் பாக்காம எடுத்தாரு" என்றா.

ஏன் இப்படி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் கடலைக் காரணம் சொல்வது சுலபம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்குப் பிறகுதான் மனிதர் இப்படி ஆனார் என்றார்கள். ராத்தா அதை ஒத்துக்கொள்ளவில்லை. கலியாணம் முடித்த புதிதிலேயே, குழந்தை பிறக்க முன்பே, தொட்டில் கயிற்றில் தான் தொங்கிப் பார்த்து அதை அறுத்தவர்தானாம்.

அவர் சொல்வதைக் கேட்காமல் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை விட்டேன். என் மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது, குழந்தையை உள்ளே இருத்தி உருட்டி நடக்கவிடுகிற வண்டி ஒன்றைக் கல்முனையில் வாங்கினேன். பாஸ் அதன் கால் மடங்குகிற பொருத்தில் விரலை விட்டுப் பார்த்துக் கூடாது என்றார். தோணி இஞ்சின் திருத்துகிற மனிதருக்குக் கைக்குழந்தையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் அதே பொருத்தில் மகளின் சின்ன விரல் அகப்பட்டு நகம் கழன்றது. அவள் அலறிய சத்தத்துக்கு முதல் ஆளாக ஓடி வந்தவர் அவர்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சொல்லிக் காட்டியிருந்தாலாவது நான் சண்டை பிடித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போனார்.

அந்த மகளுக்கு ஒன்பது வயதானபோதுதான் எனக்கும் அவருக்கும் உண்மையான இழுபறி தொடங்கியது. மகளுக்கு எதையும் கழற்றிப் பார்க்க வேண்டும். மணிக்கூடு, ரேடியோ, என்னுடைய தையல் மெஷினின் அடிமூடி, எல்லாவற்றையும் குசினிக் கத்தியின் நுனியால் திறப்பாள். அடித்துப் பார்த்தேன், கத்தியை ஒளித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். அவள் குசினிக் கத்தியைத் தொடக் கூடாது, நான் அவளுக்கென்றே நல்ல ஆயுதம் ஒன்று எடுத்துத் தருவேன். என் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். குறடு, கத்தரிக்கோல், ஸ்குரூ ட்ரைவர், சின்ன வாள், சின்னக் கத்தி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கி உள்ளங்கைக்குள் அடங்குகிற மல்டி டூல் அங்கே கடை கடையாகக் கிடக்கிறதாம். வந்த ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். போனில் சொன்ன முதல் பேச்சு, பாஸிடம் காட்டிவிட்டுக் கொடு என்பது.

முதலாவது, வெள்ளி போல மினுங்கியது. மகள் இரண்டு நாள் தூங்கவில்லை. பாஸ் கத்தியை விரித்து அதன் முதுகுப் பக்கமாக அழுத்தினார். அது அப்படியே மடங்கி அவருடைய விரலில் இறங்கியது. அலகைப் பிடித்து நிறுத்த லொக் இல்லை என்றார். இரண்டாவதுக்கு லொக் இருந்தது. ஆனால் லொக்கைத் தளர்த்த வேண்டுமென்றால் பெருவிரலைச் சரியாக அலகு மடங்கி வருகிற வழியில் வைக்க வேண்டும். இரண்டு பிளாஸ்டர். மூன்றாவது, பிள்ளைகளுக்கென்றே செய்தது, கத்தியே இல்லை, மஞ்சளும் பச்சையுமான பிடி. அதன் குறட்டை மூடும்போது பிடி இரண்டும் சேர்ந்து உள்ளங்கைச் சதையைக் கவ்வியது. இரத்தக் கொப்புளத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். நாலாவது, எல்லாம் சரி, ஆனால் ஒவ்வொன்றையும் நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டும், அவ்வளவு இறுக்கம். அவருடைய நகம் கிழிந்தது. பிள்ளை நகத்தால் ஏலாமல் பல்லால் இழுக்கும் என்றார். கூடாதென்ற சாமானைத் திருப்பித் தருகிற வழக்கமும் அவரிடம் இல்லை. வாடியில் ஒரு தகரப் பேணிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்.

ஒவ்வொரு தடவையும் மகள் வாடி வாசலில் நின்று அவருடைய கையைத்தான் பார்ப்பாள். பிளாஸ்டரைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குத் திரும்பி நடப்பாள். கணவர் போனில் என்னை ஏசுவார். நான் பாஸை ஏசுவேன். ஒரு பிள்ளைக்கு ஒரு சாமான் வாங்கிக் கொடுக்க இரண்டு நாடும் ஒரு வாடியும் வேண்டுமா என்று அலுத்துப்போய், கணவர் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம், மகள் அறைக்குள் சத்தமில்லாமல் இருக்கிறாளே என்று எட்டிப் பார்த்தேன். இரும்பு அறுக்கும் வாளின் உடைந்த துண்டொன்றை எங்கேயோ பொறுக்கி, பழைய காலுறையைச் சுற்றிக் கைப்பிடி செய்து, மேசை விசிறியின் பின்பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தாள். என் முகத்தைக் கண்டதும் அவள் சொன்னது இன்னும் எனக்குள் குத்திக்கொண்டிருக்கிறது.

"நான் குசினிக் கத்தியத் தொடல்ல உம்மா."

பேச்சைக் காப்பாற்றியிருக்கிறாள். காப்பாற்றாதது நான்தான். அந்தத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு, தலையில் முக்காடு ஒழுங்காக இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வாடிக்குப் போனேன். நாலு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே அதை அவருடைய மேசையில் போட்டேன். "நீங்க நல்லது தேடித் தேடி இருங்க காக்கா. புள்ள இதப் புடிச்சிக்கிட்டு இரிக்கா" என்றேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதை எடுத்தார். கண்ணை மூடினார். பெருவிரலை அதன் பல்லில் வைத்து அழுத்தினார். பிறகு கண்ணைத் திறந்து, மிகவும் பொறுப்பாக, இதுவும் கூடாது என்றார். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். வருத்தத்தில் அல்ல, அந்த மனிதரை என்ன செய்வதென்று தெரியாத ஆத்திரத்தில்.

ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் மாறினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முன்பு பத்துச் சாமானில் எட்டைத் தள்ளுகிறவர், பாதியை விடத் தொடங்கினார். பிறகு எல்லாமே கூடும், கொடு என்றாகிவிட்டது. தேங்காய் துருவுகிற பிளாஸ்டிக் சாமான் கூடும். அவருடைய பேரனின் மடக்குச் சைக்கிள் கூடும். நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன்; அங்கே வந்த இருபத்தைந்து கத்தரிக்கோலையும் ஒரே இருப்பில் பார்த்து, எல்லாம் கூடும் என்று தந்தார். கையில் பிளாஸ்டரே இல்லை. வயது போக மனிதர் கனிந்துவிட்டார் என்று ஒழுங்கை மெச்சியது. நான் ஒரு கலியாண வீட்டில் இருந்துகொண்டு, என்னுடைய வாய்க்குப் பயந்துதான் மனிதர் திருந்தினார் என்று பெருமையடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மகளுக்குப் பதினொரு வயது நடக்கும்போது நான் கணவரிடம் கெஞ்சி ஐந்தாவதை எடுப்பித்தேன். சின்னக் கைக்கு ஏற்ற அளவு, அலகின் நுனி வட்டம், லொக் பக்கவாட்டில், கத்தரிக்கோலுக்கு ஸ்பிரிங். நாலு தடவை பட்ட பாட்டில் எனக்கே எதைப் பார்க்க வேண்டுமென்று பாதி தெரிந்திருந்தது. அஸர் தொழுகை முடிந்து அவர் வாடிக்கு வந்து இஞ்சினில் கை வைத்த பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை விட்டுவிட்டு வருகிற கதை இல்லை, எனக்கு முன்னால் பாருங்கள் என்றேன்.

அவர் கண்ணை மூடினார். கை இரண்டும் இஞ்சின் கரியில் கறுத்திருந்தன. குறட்டை மூடி உள்ளங்கையில் வைத்து நெரித்தார். கத்தரிக்கோலைத் திறந்து விரலிடுக்கில் வெட்டிப் பார்த்தார். கத்தியை விரித்து, லொக்கைப் போட்டு அழுத்தினார், எடுத்து அழுத்தினார், இடது பெருவிரலை நடுவில் வைத்து மெல்ல மடக்கினார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கடையில் துணி பார்க்கிறவரைப் போல நிதானமாகத்தான் இருந்தார். நான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "அல்ஹம்துலில்லாஹ். இது நல்லம் புள்ள. குடு மகளுக்கு" என்றார்.

இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோம். இரண்டு வருடம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அவர் அதை மேசையில் வைத்தார், மகள் பாய்ந்து எடுத்தாள். எடுத்த வேகத்தில் கையை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உம்மா, இதுல ரத்தம்."

பாஸ் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. மகளின் கையைப் பறித்துப் பிடித்தார். எங்கே வெட்டியது, எங்கே வெட்டியது என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். தன் சாரத்தின் தலைப்பால் அவளுடைய உள்ளங்கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க இரத்தம் கூடியது. எனக்கும் ஒன்றும் ஓடவில்லை, நானும் பிள்ளையின் கையில்தான் காயத்தைத் தேடினேன். மகள்தான் முதலில் கண்டாள்.

"மாமா, என்ட இல்ல. உங்கட."

அவருடைய இடது பெருவிரல் நகத்துக்குக் கீழே வாய் பிளந்திருந்தது. அங்கிருந்துதான் வடிந்துகொண்டிருந்தது. அவர் அதை வேறு யாருடையதோ விரலைப் பார்ப்பது போலப் பார்த்தார். மற்றக் கையால் காயத்தை அமத்தினார். இன்னும் அமத்தினார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நான் களவெடுத்துவிட்டது மாதிரி முறைப்பாட்டுக் குரலில், "நோகல்லியே புள்ள" என்றார்.

சீனி வருத்தத்தில் விரல் மரத்துப்போயிருக்கிறது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருப்பதுதான். ஊரார் பிள்ளைகளுக்காக எத்தனை தடவை விரலைக் குத்திக்கொண்டவர், தன்னுடைய இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்க ஒரு தடவை குத்தவில்லை. உடனே ஓட்டோவில் ஏறுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொல்கிறேன். அவருடைய காதில் விழவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். போன பெருநாளைக்குப் பிறகு எதையெல்லாம் கூடும் என்று சொன்னார், யாருடைய வீட்டில் என்ன இருக்கிறது என்று. என்னுடைய பாடசாலைக் கத்தரிக்கோலை எப்போது பார்த்தது என்று என்னிடமே கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

மறுநாள் நான் இருபத்தைந்து கத்தரிக்கோலையும் அலுமாரியில் பூட்டினேன். பிள்ளைகள் ஒரு தவணை முழுவதும் கடுதாசியைக் கையால் கிழித்து ஒட்டினார்கள். அவரோ விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாக இறங்கினார். ஆஸ்பத்திரியைப் பிறகு பார்க்கலாம் என்றார். ராத்தா கெஞ்சினா, மகள்மார் மூன்று பேரும் வழியை மறித்தார்கள். நானும் என் பங்குக்குக் கத்தினேன். சொல் கேட்கிற மனிதரா? ஐந்து நாள், வெயிலில், தேய்ந்த செருப்போடு, மகளின் ஐந்தாவது உட்பட, தான் நல்லதென்று சொன்ன ஒவ்வொரு சாமானையும் திருப்பிக் கேட்டு வாங்கினார். சிலர் கொடுக்க மறுத்துச் சிரித்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. அந்த ஐந்து நாளில் எந்த நாளிலோ, எந்த மணலிலோ, ஒரு சிப்பியோட்டுத் துண்டு செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அழுகல் மணம் வந்த பிறகுதான் ராத்தா கண்டா. விரலுக்கு முன்பே கால் மரத்துப் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். முதலில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரைக்கும். அடுத்த நோன்பை அவர் காணவில்லை.

நான் அன்றைக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்து ஓட்டோவில் ஏற்றியிருக்க வேண்டும். அந்நிய ஆணின் கையை எப்படிப் பிடிப்பது என்று தயங்கி நின்றேன். என் பிள்ளையின் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்க்க அவர் தயங்கவில்லை.

அவருடைய நாற்பதாம் நாள் கழிந்த பிறகு, கணவர் ஆறாவதை அனுப்பினார். இம்முறை பாஸிடம் காட்டு என்று சொல்லவில்லை. நீயே பார்த்துக் கொடு என்றார். மேசையில் வைத்து விரித்தேன். லொக் பக்கவாட்டில், நுனி வட்டம், பிடி மெத்தென்று, திறக்கவும் சுலபம். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஐந்தாவதிலும் எனக்கு ஒரு குறையும் தெரியாமல்தானே இருந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு, என்னுடைய பெருவிரலை அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வைத்தேன். அலகின் குளிர் தோலில் பட்டது. இனி அழுத்த வேண்டும்.

என்னால் முடியவில்லை. திரும்பவும் வைத்தேன். பிஸ்மி சொல்லி வைத்தேன். கை தானாகவே பின்னுக்கு வந்துவிட்டது. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்காக ஒரு தடவை அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மனிதர் இதை யார் யாருடைய பிள்ளைகளுக்காகவோ, நோகும் என்று தெரிந்தே, கணக்கில்லாத தடவை செய்திருக்கிறார். நான் அவரை ஊருக்கு முன்னால் ஏசியிருக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது மகள் எதிரில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூடுமா உம்மா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"அப்ப இத யாரிட்டக் காட்டுற?"

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது.